நல்ல பாதியை மட்டும் படித்தவர்

கண்ணுங்களா, நேற்று சாயங்காலம் டிவியில் புயல் வலுவிழந்துவிட்டது என்று சொன்னதும், தம்பி, நீ "அவ்ளோதானா, புஸ்ஸுனு பூடுச்சே" என்று பந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். சத்தமும் போட்டேன். பாப்பா, நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "புயல்தானே வீக் ஆச்சி, நீ ஏம்பா கத்துற?" என்று கேட்டாய். நீ கேட்டது நியாயம்தான். கோபம் வந்தால் எனக்கு வாய் குழறும், உங்களுக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் மாலை போட்ட படத்தில் இருக்கிறாளே காமாட்சி அத்தை, எனக்கு மூத்தவள், அவள் புயலில் செத்துப்போனாள் என்றுதான் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அது பொய். புயல் செத்த பிறகு, பட்டப்பகலில், ஊர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது செத்தாள். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு மனுஷரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் மைக் அண்ணாத்த. திருப்போரூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், நம் பெரிய ஏரியைச் சுற்றியிருக்கிற அத்தனை ஊருக்கும் அவர் குரல்தான் செய்தி. ஒரு பழைய ஆட்டோ. அதன் தலையில் முன்னே ஒரு குழாய், பின்னே ஒரு குழாய். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் கைக்குட்டை சுற்றிய மைக். சினிமாக் கொட்டகையில் படம் மாற்றினாலும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டினாலும், கட்சிக் கூட்டமானாலும், பஞ்சாயத்து வரி கேட்டாலும், யாராவது செத்தாலும் அவர்தான் வருவார்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். சூடான பாலில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்துக் குடித்தே அப்படி ஆகிவிட்டது என்று டீக்கடைக்காரர் சொல்வார். "அன்பார்ந்த" என்று அவர் தொடங்கினால், அந்த ஒரு சொல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நீளும். நோயாளி படுத்திருக்கிற வீட்டைத் தாண்டும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, தாண்டினதும் கூட்டுவார். எந்த வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். இதையெல்லாம் மறைத்து நான் எழுதினால் அது அநியாயம்.

ஆனால் அவரிடம் ஒரு குணம் இருந்தது. கெட்ட சேதி அவர் வாயிலிருந்து வராது. கொடுத்த தாளில் இருந்தாலும் வராது.

மின்சார ஆபீஸில் நாளை மின்தடை என்று எழுதிக் கொடுப்பார்கள். இவர், "நாளைக்கு நம்ம ஊரு கரண்டுக்கு லீவு. பாவம், அதுவும் எத்தினி நாளுதான் ஓடும்? அல்லாரும் மரத்தடியில காத்து வாங்கலாம்" என்பார். ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை என்றால், "அடுத்த வாரம் மண்ணெண்ணெய் நிச்சயம்!" என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு தடவை பக்கத்து ஊரில் வாந்திபேதி. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி சுகாதார ஆபீஸிலிருந்து தாள் கொடுத்தார்கள். இவர் தெருத் தெருவாக, "தாய்மார்களே, தண்ணிய காய்ச்சி ஆறவெச்சிக் குடிச்சிப் பாருங்க, அதோட ருசியே தனி!" என்று போய்க்கொண்டிருந்தார். சுகாதார ஆய்வாளர் மொபெட்டில் துரத்தி வந்து எங்கள் தெருமுனையில் ஆட்டோவை மறித்தார்.

"யோவ், ருசியா? நோய் பரவுதுன்னு சொல்லுய்யா!"

"நோவுன்னு சொன்னா பயந்துகுவாங்க சார்."

"பயப்படணும்னுதான்யா சொல்லச் சொல்றேன்!"

இவர் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையாட்டினார். அடுத்த தெருவில் போய், "ருசியும் ஒடம்புக்கு நல்லதும்" என்று சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான் மாறியது.

சாவுச் செய்தியில்தான் அவர் பெரிய ஆள். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், இன்னாருடைய அப்பா, இன்னாருடைய மாமனார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் மைக்கில் சொல்லிவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். எப்படிச் செத்தார் என்பதை மட்டும் இவர் சொல்லவே மாட்டார். தூக்கு மாட்டிக்கொண்டவனும், பூச்சிமருந்து குடித்தவனும், லாரியில் அடிபட்டவனும் எல்லாருமே "உடல்நலக் குறைவால் இறைவனடி சேர்ந்தார்" தான். அந்தந்த வீட்டுக்காரர்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். மானத்தைக் காப்பாற்றினார் என்று.

எங்கள் மேற்குத் தெருவுக்கு வாழ வந்த ஒரு பெண் எரிந்து செத்தாள். ஸ்டவ் வெடித்தது என்று ஒரு பேச்சு. அந்த வீட்டில் ஸ்டவ்வே கிடையாது, விறகு அடுப்புதான் என்று இன்னொரு பேச்சு. இவர் வந்தார். "உடல்நலக் குறைவால்" என்றார். உங்கள் அத்தை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள், கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடிப்போய் ஆட்டோ முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த, ஜுரம் வந்தா செத்தா அவ?"

"வுடும்மா காமாட்சி. போனவ போயிட்டா. கீறவங்க மனசு நோவக்கூடாது பாரு."

"யாரு மனசு? பத்த வெச்சவன் மனசா?"

"நீ வாய்க்காரி. ஒனக்கு இன்னா சொன்னாலும் புரியாது" என்று சிரித்துக்கொண்டே ஹேண்டிலைத் திருப்பினார். அத்தை குழாயைப் பார்த்துக் காறித் துப்பினாள். ஊர் அத்தையைத்தான் திட்டியது. பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றது.

அந்தக் காலத்தில்தான் ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையை மனை போட்டு விற்றார்கள். எங்கள் பக்கமெல்லாம் கல் நட்டு, கயிறு கட்டி, கலர் கொடி பறக்கவிட்ட காலம். அதற்கும் இவர்தான் மைக். "ஏரிக் காத்து, முருகன் பார்வை, நடந்து போற தூரத்துல பஸ்சு!" அதில் ஒன்றும் பொய்யில்லை. ஏரி நிறைந்தால் தண்ணீரின் மட்டம் அந்த மனைகளுக்கு மேலே நிற்கும் என்பது மட்டும் அதில் இல்லை. உங்கள் மாமா கொத்தனார். நாவலூரில் கண்ணாடி ஆபீஸ்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம், வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அவரும் அத்தையும் அங்கே பாதி மனை வாங்கி, ஹாலோ பிளாக் கல்லில் சுவர் வைத்து, மேலே ஷீட் போட்டுக் குடிபோனார்கள். அவர்கள் பெண் சங்கீதா அக்கா அப்போது கைக்குழந்தை.

இனி புயலைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு சார், புதுப்பட்டினத்திலிருந்து வீடு மாற்றும்போது என் லாரியில் முன்னே உட்கார்ந்து வந்தார். அவர் வழியெல்லாம் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். புயல் கடல்மேல் இருக்கும்வரை அதற்குச் சாப்பாடு கடலின் சூடு. சூடான தண்ணீர் ஆவியாகி மேலே போகப் போக அது சுழன்று இறுகிக்கொண்டே வரும். நடுவில் ஓட்டை மாதிரி ஒரு கண். அந்தக் கண்ணில் காற்று இல்லை, மழை இல்லை. கண்ணைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மேகம். ஓங்கி அடிக்கிற காற்றெல்லாம் அந்தச் சுவரில்தான். கரையை நெருங்கும்போது அதன் ஒரு பக்கம் தரையில் உரசும். நிலத்திலிருந்து வறண்ட காற்று உள்ளே நுழையும். கடலின் சூடு கிடைக்காது. சுவர் ஒரு பக்கம் சரியும், கண் மேகத்தால் மூடிக்கொள்ளும், காற்று தளரும். அப்போதுதான் வலுவிழந்தது என்கிறார்கள்.

ஆனால் கடலிலிருந்து உறிஞ்சின தண்ணீர் எங்கே போகும்? அது மேலேயேதான் இருக்கும். இறுக்கமாகச் சுருண்டிருந்த மேகம் பிரிந்து அகலமாகப் பரவி, ஊர் ஊராகப் படுத்துக்கொள்ளும். வேகமும் இல்லாததால் நகராது. ஒரே இடத்தில் நின்று கொட்டும். லாரிக்காரனுக்கு இது புரியும். பிரேக் போட்டால் வண்டி வேகம் குறையும். பாரம் குறையுமா? அந்த டன் அப்படியேதானே பின்னால் இருக்கிறது? வலுவிழந்தது என்று சொல்கிறவர்கள் வேகத்தைச் சொல்கிறார்கள். பாரத்தை யார் சொல்வது?

எங்கள் ஜனங்களுக்குப் புயல் என்றால் காற்று. பனைமரத்தைப் பார்ப்பார்கள். மட்டை பிய்ந்தால் புயல், பிய்யாவிட்டால் புயல் இல்லை. மழை ஒரு நாளும் எங்களுக்குக் கெட்ட சேதி ஆனதில்லை. ஏரிப் பாசனம் பண்ணுகிறவன் மழைக்குப் பயப்படுவானா? இதுதான் எங்கள் தப்பு. எங்கள் மாதிரி ஆட்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு.

அந்தப் புயல் இரண்டு நாளாகக் கடலில் ஏறிக்கொண்டே வந்தது. மாமல்லபுரம் பக்கம் கரை கடக்கும் என்றார்கள். ஏரிக்குக் கீழே இருக்கிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கச் சொல்லித் தாலுகா ஆபீஸிலிருந்து தாள் வந்தது. இவர் அதையும் தன் பாணியில், "அல்லாரும் ஒரு நாளு ஸ்கூல்ல ஒண்ணா தங்கி, சாம்பார் சாதம் துன்னுட்டு வரலாம்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். நான்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். அத்தையையும் சங்கீதாவையும் உங்கள் அம்மாவோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தேன்.

விடியும்போது காற்று வடக்கிலிருந்து கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, அப்புறம் தளர்ந்துவிட்டது. ஒரு பனைமட்டைகூடப் பிய்யவில்லை. ஏரிக்கரையில் ஓரிடம் அரித்திருக்கிறது, முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கழி வேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கடலோரத் தோப்புக்கு அனுப்பினார். அங்கே கழி ஏற்றும்போது டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டேன். புயல் வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிக் கரையைக் கடந்தது என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, கடலோர மாவட்டங்களில் மிகப் பலத்த மழை பெய்யும், தாழ்வான இடத்தில் இருக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அதே செய்தியை மைக் அண்ணாத்தயும் எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டிருக்கிறார். கேட்டவர் ஆட்டோவைக் கிளப்பிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். யாரும் தாள் கொடுக்கவில்லை. சாயங்காலம் வரை யாரையும் அனுப்பக்கூடாது என்றுதான் தாலுகா ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் உட்கார முடியாது. அங்கே நடந்ததை உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அன்பார்ந்த பொதுமக்களே! முருகன் கிருபையால புயல் வலுவிழந்துடுச்சி! ரேடியோவுலயே சொல்லிட்டாங்க! இனிமே ஒண்ணும் ஆவாது! அவங்கவங்க வூட்டுக்குப் போவலாம்!"

அத்தை மட்டும் எழுந்து போய்க் கேட்டிருக்கிறாள். "மழைய பத்தி இன்னா சொன்னாங்க அண்ணாத்த?"

"சொன்னாங்க, சொன்னாங்க. பெய்யுமாம். கார்த்திகையில மழை பெய்யாம, ஒனக்கு வெயிலா அடிக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டாள். "போ அண்ணாத்த, இன்னிக்காவுது நெஜம் பேசினியே" என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு அது நிஜமாகத்தான் பட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் வீட்டில் தரையில் கிடந்தது. "நனைஞ்சா அல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. மெஷின் மேல ஏத்திவெச்சிட்டு ஓடியாந்துர்றன், புள்ளைய பாத்துக்க" என்று தூங்குகிற சங்கீதாவை உங்கள் அம்மா மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. காற்றே இல்லாமல், நேராக, ஒரே கனமாக விழுந்தது. லாரி ஊர்ந்துதான் வர முடிந்தது. ஊர் எல்லைக்கு வரும்போதே அவர் குரல் கேட்டது.

"ஏரி ரொம்பிடுச்சி! கலங்கல்ல தண்ணி போவுது! தாய்மார்கள் அல்லாரும் வந்து கும்பிட்டுக்கலாம்!"

கலங்கல் என்றால் ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிகிற இடம், உங்களுக்குத் தெரியும். பல வருஷமாக வழியாத ஏரி. கலங்கல் வழிந்தால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். குடை பிடித்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, மஞ்சள் தண்ணீரில் இறங்கி நின்று ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஆட்டோவைக் கரைமேல் நிறுத்திக் குழாயில் சாமிப் பாட்டுப் போட்டிருந்தார். நான் லாரியிலிருந்து, "அந்தாண்ட கரைய பாருங்கய்யா! ஆள் வாங்கய்யா, கழி எறக்கணும்!" என்று கத்தினேன். குழாய்ப் பாட்டில் என் சத்தம் யார் காதிலும் விழவில்லை. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது. கரை உடைகிற சத்தம் இடி மாதிரி இல்லை. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது.

அதற்கு மேல் நான் விவரமாக எழுத மாட்டேன். மனைப் பக்கம் இருந்தவர்கள் ஓடு, ஷீட் மேலெல்லாம் ஏறித் தப்பினார்கள். அத்தை வீட்டுச் சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. கழுத்தளவு தண்ணீரில் எனக்கு முன்னால் இறங்கினவர் மைக் அண்ணாத்ததான். நீச்சல் தெரியாத ஆள். நானும் அவரும்தான் கல்லைப் புரட்டினோம். அதையும் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. "அன்பார்ந்த" என்று தொடங்கி, அத்தை பெயரைச் சொல்லி, "உடல்நலக் குறைவால் இறைவனடி சேர்ந்தார்" என்றது.

நான் போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தேன்.

"எப்பிடி செத்தான்னு சொல்லு."

"தம்பி..."

"ஏரி ஒடைஞ்சி செத்தான்னு சொல்லு. வூட்டுக்குப் போவலாம்னு சொன்னாங்க, போனா, செத்தான்னு சொல்லு. மைக்குலயே சொல்லு."

அவர் மைக்கைக் கீழே இறக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வாயில வரலப்பா. உங்கம்மா காதுல வுழும்பா" என்றார்.

"எங்கம்மாவுக்குத் தெரியாதா? அவதானே குளிப்பாட்டினா!"

அதற்குள் நாலு பேர் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "நல்ல மனுசன இன்னா பேச்சு பேசற? அவரா கரைய ஒடைச்சாரு?" என்றார்கள். "அவரே அழுவுறாரு, பாக்கல?" என்றார்கள். நான் பார்த்தேன். என் அக்காவுக்காக அவர் அழுதது மெய்தான். அது மெய்யாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே இரண்டு அறை விட்டு முடித்திருப்பேன்.

விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஜனங்களை யார் அனுப்பினது என்று கேட்டார்கள். "அவங்களா போனாங்க சார்" என்று நூறு பேர் சொன்னார்கள். நான் ஒருத்தன் சொன்னது எடுபடவில்லை. ஜனங்களுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டிருந்தது. புயலால் உயிரிழப்பு என்று முடித்துவிட்டுப் போனார்கள். அரித்துக் கிடந்த கரையை யார் பார்த்திருக்க வேண்டும், நஞ்சையில் மனை போட யார் விட்டார்கள், ஒரு கேள்வியும் கிடையாது. எல்லாம் புயல் தலையில். புயல் வந்து சாட்சி சொல்லுமா?

இரண்டு மழைக்காலம் போனதும் அதே மனையை வேறு பெயர் வைத்து மறுபடி விற்றார்கள். "தண்ணிக்குப் பஞ்சமே இல்லாத எடம்!" என்று அவர்தான் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார். நான் வழிமறித்துக் கேட்டேன். "அவங்க எழுதிக் குடுத்ததத்தாம்பா படிச்சன்" என்றார். "ரேடியோக்காரன் படிச்சதுல பாதிய மட்டும் படிச்சியே, இத மட்டும் முழுசா படிக்கிறியா?" என்றேன். அவர் மைக்கில் சுற்றின கைக்குட்டையை அவிழ்த்து, உதறி, திரும்பச் சுற்றிக்கொண்டார்.

வருஷா வருஷம் மழைக்காலம் தொடங்கினால் நம் வீட்டுக்கு வருவார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிக்சர் பொட்டலம் வாங்கி வந்து, நம் வீட்டிலேயே வளர்ந்த சங்கீதாவிடம் கொடுத்து, வாசல்படியில் உட்கார்ந்து பால் குடித்துவிட்டுப் போவாரே, அவர்தான். நீங்கள் அவர் மடியில் ஏறி "அன்பார்ந்த" சொல்லச் சொல்வீர்கள். சங்கீதா பெரியவளாகி ஒருநாள் அவரிடமே கேட்டிருக்கிறாள், "எங்கம்மா எப்பிடி மாமா செத்தாங்க?" என்று. "தூக்கத்துல போயிட்டாங்கம்மா. ஒண்ணுமே தெரியல அவங்களுக்கு" என்றாராம். அவள் வந்து என்னிடம் நிம்மதியாகச் சொன்னாள். அத்தை தூங்கவில்லை. நான் கல்லைப் புரட்டினபோது அவள் இரண்டு கையும் மேலே தூக்கி இருந்தது. இதை சங்கீதாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் அவளாகவே வந்து, "மிச்சத்தையும் சொல்லு மாமா" என்றாள். முழுக்கச் சொன்னேன். அடுத்த மழைக்கு அவர் பொட்டலத்தோடு வந்தபோது, சங்கீதா வாங்கிக்கொண்டு, "ஏன் என்கிட்ட பொய் சொன்ன மாமா?" என்று கேட்டாள். அவர் பாலைக் குடிக்காமலேயே எழுந்து போனார். அதோடு வரவில்லை.

போன வருஷம் அவர் செத்துப்போனார். ஏழு ஊரில் பேனர். தேன்குரல் என்று போட்டிருந்தார்கள். இப்போது மைக்கில் ஆள் பேசுவதில்லை, ரெக்கார்டு பண்ணின குரல்தான் ஆட்டோவில் சுற்றுகிறது. அது, "மாரடைப்பால் காலமானார்" என்று இரண்டு தடவை ஒழுங்காகச் சொன்னது. அவருக்கு மட்டும் காரணம் சொல்லிவிட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருத்தராக எழுந்து, அவர் யார் மனதையும் நோகடித்ததில்லை என்றார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் போய் மாலையை மட்டும் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அவர் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பனைப் பறிகொடுத்து நிற்கிறபோது அவர்களிடம் என் கணக்கைத் தீர்க்கக் கூடாது.

தம்பி, பாப்பா, ஒரு மனுஷன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. அவன் சொல்லும் சேதி முழுசாக இருக்க வேண்டும். காற்று நின்றது என்று சொல்கிறவனிடம், மழை எப்போது நிற்கும் என்று கேளுங்கள். அவன் சிரித்தால் நீங்களும் கூடச் சிரிக்காதீர்கள். திரும்பக் கேளுங்கள். வாயாடி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் அத்தையை அவர்கள் திட்டாததா?

அன்று அந்த இரங்கல் கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போனபோது, நான் லாரியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். உச்சிவெயில். கரையை இப்போது சிமெண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கீழே புது வீடுகள், மாடியெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. நான் கரைமேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னால் முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே. தையல்காரி காமாட்சி, கொத்தனார் வூட்டுக்காரி, சங்கீதாவோட அம்மா, புயல் வலுவிழந்துடுச்சின்னு சொன்னத நம்பி வூட்டுக்குப் போயி, இந்த ஏரிக்கரை ஒடைஞ்சி, செவுரு வுழுந்து செத்துப்போனா."

எனக்கு அவர் குரல் கிடையாது. மூன்றாவது வீட்டைத் தாண்டியிருக்காது. சாவுச் செய்தி என்றால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இன்னொரு தடவையும் சொன்னேன். அப்புறம் இறங்கி வந்து வண்டியைத் திருப்பி, செங்கல்பட்டுக்கு லோடு ஏற்றப் போனேன்.